சும்மா வந்த பாட்டில்

போன வாரம் போன் மணி அடித்ததோடு கதையை நிறுத்திவிட்டேன் என்று வாசகிகள் சிலர் என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார்கள். ஒரு அம்மாள், "வாயில் வைக்கப் போன கவளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற ஆள் நீங்கள்" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கோபம்தான். வாருங்கள், முதலில் அந்தப் போனை எடுத்துவிடுவோம்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆற்றங்கரையில் ஒரு பழைய பூட்டுத் தொழிற்சாலை, மூடிப் பல வருடம் ஆகிறது. இரும்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அங்கே ஒரு திரவம் வைத்திருந்தார்கள். நிறம் கிடையாது, தண்ணீரை விடக் கனம். கழுவியதையெல்லாம் பின்பக்க மண்ணிலேயே ஊற்றிவிட்டு, ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அதே இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டப் போகிறேன் என்று ஒரு கம்பெனி வந்து நிற்கிறது. மண்ணில் இறங்கிய அந்தச் சரக்கு நிலத்தடி நீரில் கலந்து எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது நம் மூத்த மருமகளின் பொறுப்பு. நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு வேலை.

வீட்டுக்காரர் கப்பலில். சிக்னல் கிடைக்கும்போது குரல் மட்டும் வீட்டுக்கு வரும். வீட்டில் இருப்பது அவளும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாரும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் நாத்தனாரும். நாத்தனாரைச் சின்ன வயதிலிருந்தே எல்லோரும் கூப்பிடுவது வாலு என்று. வாயும் வயிறுமாக இருக்கும்போதும் அந்தப் பெயர் போகவில்லை, அந்தக் குணமும் போகவில்லை.

காலை நேரம். மாமனார் இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு அடுப்படியில் நின்றார். சமையல் அவருடைய ராஜ்ஜியம்.

"வாலு, தண்ணி குடிச்சியா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"குடிச்சேன்ப்பா. இன்னும் குடிச்சா உள்ள இருக்கிறது நீச்சல் கத்துக்கிட்டுத்தான் வெளிய வரும்."

"வாயைப் பாரு. இந்தத் தண்ணிய குடிக்க நீ குடுத்து வெச்சிருக்கணும். எந்தக் கோடையில வத்தியிருக்கு நம்ம கிணறு?"

போன் அடித்தது. மருமகள் எடுத்தாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து அங்கே தண்ணீர் சோதிக்கும் லேப் அம்மா பேசினாள்.

"மேடம், உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க."

"சும்மா பாட்டில்ல சரக்கு இருக்கு."

மருமகள் உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா பாட்டில் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சோதனைக்கென்று ஆலையைச் சுற்றித் தோண்டிய கிணறுகளில் தண்ணீர் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும், லேப்பிலேயே சுத்தமான தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலும் பெட்டியில் கூடவே போகும். அதை யாரும் திறக்க மாட்டார்கள். மற்ற பாட்டில்களோடு ஐஸில் படுத்துக்கிடந்துவிட்டு அப்படியே திரும்பி வரும். வழியில், பெட்டியில், வண்டியில் எந்த அழுக்கும் உள்ளே புகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. விதிப் புத்தகத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. "சும்மா போகுது, சும்மா வருது, இது என்னம்மா உங்க ஆபீஸ் சூப்பர்வைசரா?" என்று கேட்டு அதற்குச் சும்மா பாட்டில் என்று பெயர் வைத்தவர் மாமனார்தான். மருமகள் வாய் வழியாக லேப் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தச் சாட்சி பிறழ்ந்துவிட்டால் மற்ற பாட்டில்களின் பேச்சும் செல்லாது. மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதுதான். அங்கே வீடு கட்ட விடலாமா என்று முடிவு செய்ய அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடுகிறது. கையில் ஒன்றும் இல்லாமல் போய் நின்றால், "பார்த்தீர்களா, ஒரு தப்பும் நிரூபணம் ஆகவில்லை" என்று கம்பெனிக்காரர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். அந்தக் கெட்ட தண்ணீரை எங்கேயோ ஒரு வீட்டில் குடித்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நாளாக மருமகளைச் சரியாகச் சாப்பிடவிடாமல் அடித்ததே இந்த நினைப்புதான். எந்த வீடு? அது தெரிந்தாக வேண்டும்.

"நான் நேர்ல வரேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"பாட்டில்காரி, சாப்பிட்டுப் போம்மா!" என்று மாமனார் கூப்பிட்டார். காதில் வாங்கவில்லை.

லேப் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தாள். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இங்க பாருங்க. ஆலைக்கு நடுவுல இருக்கிற கிணத்துல சரக்கு ஏகப்பட்டது. அது நாம எதிர்பார்த்ததுதான். ஆத்துப் பக்கம் தோண்டின கிணறு அத்தனையும் பளிச்சுனு இருக்கு."

"ஒண்ணுலகூட இல்லையா?"

"மருந்துக்குக்கூட இல்ல."

 தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும், ஆறுதான் பள்ளம், அதனால் ஆற்றுப் பக்கம் தோண்டினால் போதும் என்று ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து வரைபடம் போட்டார்கள். ஆலைக்குப் பின்னால் இருக்கும் மேட்டுத் தெருவை ஒருவரும் சீண்டவில்லை. அந்தத் தெருவில்தான் அவளுடைய வீடும் இருக்கிறது. சொந்த வீட்டுக்காக அரசாங்கப் பாட்டிலைத் தூக்கினாள் என்று எவனாவது ஒருத்தன் பேசிவிடக் கூடாதே என்று அவளும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"இத்தனை வருஷமா இறங்கினது ஆத்துக்கும் போகலன்னா எங்கதான் போச்சு?" என்றாள்.

"அது உங்க தலைவலி. என் தலைவலி இந்த சும்மா பாட்டில். பெட்டியில ஏதாவது கசிஞ்சு உள்ள போயிருந்தா பக்கத்துல இருந்த ஆத்துப் பக்கத்து பாட்டிலும் கெட்டிருக்கணும்ல? அதெல்லாம் சுத்தமா இருக்கு. இது ஒண்ணு மட்டும் கெட்டிருக்கு. எப்படி?"

"நீங்க ஊத்தின தண்ணியே..."

"அதையும் பாத்துட்டேன். அதே கேன்ல இருந்து வேற ரெண்டு ஊருக்குப் பாட்டில் போயிருக்கு. சுத்தமோ சுத்தம்." லேப் அம்மா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "லேபிளைப் பாருங்க. கோணலா இருக்கு. நான் கோணலா ஒட்டவே மாட்டேன். ஸ்கேல் வெச்சு ஒட்டறியான்னு எங்க வீட்டுக்காரரே கேலி பண்ணுவாரு. இது என் தண்ணி இல்ல மேடம். யாரோ கொட்டிட்டு வேற ஊத்தியிருக்காங்க."

மருமகளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தண்ணீர் எடுக்கப் போன அன்றைக்கு ஆபீஸ் உதவியாளருக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மாமனார்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். காலையில் அடுப்படியில் உட்கார்ந்து பெட்டிக்குள் ஐஸ் அடுக்கியதும் அவரேதான்.

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் பொங்கிக்கொண்டே வந்தாள். தொடாதீங்க மாமா, தொடாதீங்க மாமா என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. மாமனாரைச் சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள் பாவம், என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டதில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தவறவிட்டு, ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தாள்.

மாமனார் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வாலு சோபாவில் சாய்ந்து, காலை முக்காலிமேல் நீட்டியிருந்தாள்.

"மாமா, அன்னிக்கு பெட்டியில ஐஸ் வெச்சீங்களே, அப்ப சும்மா பாட்டிலுக்கு ஏதாவது ஆச்சா?"

கத்தி நின்றது. அவர் நிமிரவில்லை.

"மாமா?"

"கை வழுக்கிடுச்சும்மா. கீழ விழுந்து கழுத்து உடைஞ்சுடுச்சு. நீ குளிச்சிட்டு இருந்தே. கிளம்பற நேரத்துல உன்ன டென்ஷன் பண்ண வேணாம்னு பாத்தேன். மேஜை மேல புதுசா காலி பாட்டில் இருந்துச்சு. அதுவும் சும்மா தண்ணிதானேன்னு..."

"வேற ஊத்திட்டீங்க."

"லேபிளையும் பிச்சு ஒட்டிட்டேன். ஆனா நீ சொல்லுவியே, காத்து குமிழி இருக்கக் கூடாதுன்னு? ஒரு குமிழி இல்லாம விளிம்பு வரைக்கும் ரொப்பினேன்மா. கவுத்து வெச்சுகூடப் பாத்தேன்." அவர் கண்ணில் நீர் நின்றது. வெங்காயத்தினால் மட்டும் இல்லை. "உன் வேலைக்கு வேட்டு வெச்சுட்டேனா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கோபம் போன இடம் தெரியவில்லை. மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயோ மாமா! பெட்டி கெடல, ஐஸ் கெடல, என் கிணத்துத் தண்ணி எதுவும் கெடல. எல்லாம் செல்லும்! உள்ள எதுவும் புகவே இல்ல. நீங்க ஊத்தின தண்ணியிலயேதான் அது..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

வாலு தம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"மாமா, நீங்க எந்தத் தண்ணிய ஊத்தினீங்க?"

"வேற எது? நம்ம தண்ணிதான். அடுப்படிக் குழாய்ல பிடிச்சேன்."

"வாலு, அதைக் கீழ வை."

குரலில் அதட்டல் இல்லை. ஆனாலும் வாலு உடனே வைத்தாள். வெயிலுக்குச் சாத்தியிருந்த ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பின்கட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும், சரி. ஆனால் தண்ணீரை விடக் கனமான ஒன்று தண்ணீரின் பின்னாலேயே போக வேண்டும் என்று யார் சொன்னது? அது அடிவரை இறங்கும். அடியில் பாறை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வழிந்து போகும். மேலே மேடாக இருக்கும் தெருவுக்குக் கீழே பாறை பள்ளமாகச் சரிந்திருந்தால்? எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு ஒன்று அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தால்? படித்த படிப்பு அத்தனையும் அவளுக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வந்தது, ஒரு நாள் முன்னால் வரவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

"அண்ணி," என்றாள் வாலு. கை தானாக வயிற்றுக்குப் போயிருந்தது. "நான் வந்ததுல இருந்து இதைத்தானே குடம் குடமா குடிக்கிறேன்?"

மருமகள் எழுந்து போய் அவள் காலடியில் முக்காலி ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். தண்ணியில அது இருக்கு. எவ்வளவு கெடுதல்னு எனக்குத் தெரியாது. நடுக் கிணத்துல இருக்கிறதோட பாத்தா இது ரொம்பக் கம்மி. இந்த நிமிஷத்துல இருந்து நிறுத்தறோம். நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன், இன்ன சரக்குன்னு பேரோட நானே சொல்றேன்."

"பயமா இருக்கு அண்ணி."

"எனக்கும்தான்."

மாமனார் எழுந்து போய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். பெருமை பேசிப் பேசி வளர்த்த பிள்ளை திருட்டுக் கேஸில் மாட்டியதுபோல் இருந்தது அவர் முகம்.

"நம்ம தண்ணியிலயா?" என்றார். "தெருவே வந்து பிடிச்சுக்கிட்டுப் போகுதேம்மா."

அது வேறு இருக்கிறது. வெயில் காலத்தில் அந்தத் தெருவில் பாதிக் கிணறுகள் கை விரித்துவிடும். அதனால் மாமனார் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். சாயங்காலமானால் குடங்கள் வந்துவிடும்.

மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்து அவளுடைய மேலதிகாரிக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. 

"உங்க வீட்ல தண்ணிய நிறுத்திடுங்க. சும்மா பாட்டில் உடைஞ்சுபோச்சுன்னு எழுதிடுவோம். குழு கூடட்டும், அதுக்கப்புறம் மேட்டுத் தெருவை முறையா சோதிக்கலாம். அதுவரைக்கும் தெருவுல வாயைத் திறக்காதீங்க."

"அதுவரைக்கும் அவங்க குடிக்கட்டுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. ஆனா நீங்க இப்ப சொன்னீங்கன்னா இது உங்க சொந்த வீட்டு விவகாரம் ஆயிடும். சொந்த வீடு பாதிச்சவங்க விசாரணையில இருக்கக் கூடாது. கம்பெனி வக்கீல் முதல்ல அதைத்தான் பிடிப்பான். உங்களை இதுல வெச்சுக்க என்னால முடியாது."

அந்த ஆலையின் ஒவ்வொரு கிணறும் அவள் நின்று தோண்டவைத்தது. எந்த ஆழத்தில் களிமண், எங்கே மணல், எங்கே துளையிடும் கருவி முரண்டு பிடித்தது என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அதை விட்டுக்கொடுப்பது என்றால் நெஞ்சு வலித்தது. வலிக்கத்தான் செய்யும்.

"யோசிச்சு சொல்றேன் சார்," என்று வைத்துவிட்டாள்.

மாமனார் படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்டதை மறைக்கவும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? குழாய் ரிப்பேர்னு சொல்லி மூடிடறேன். ஒரு வாரம்தானே? அவங்களும் குடிக்க மாட்டாங்க, உன் வேலைக்கும் பங்கம் வராது."

நல்ல யோசனைதான். மருமகளுக்கு அப்படியே அதைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சரி மாமா என்று சொல்ல வாயெடுத்தவள், தெருவைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் மூலை வீட்டில் இன்னொரு கிணறு இருக்கிறது. அதுவும் சுலபத்தில் வற்றாது.

"நம்ம குழாய் ரிப்பேர்னா மூலை வீட்டுக்குப் போவாங்க மாமா. அதுவும் இதே பாறை மேல இருக்கிற தண்ணிதான்."

மாமனாரும் மூலை வீட்டைப் பார்த்தார்.  மருமகள் மேலதிகாரிக்குத் திரும்பப் போன் போட்டாள்.

"சார், நான் தெருவுல சொல்லிடப் போறேன்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். உடைஞ்சதுன்னும் எழுத வேணாம். நடந்தது நடந்தபடியே எழுதிக் குடுத்துடறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப நாளைக்குக் காலையில ஆலை சாவிய ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்கம்மா."

வெயில் தணிந்ததும் முதல் குடம் வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்து குழாயைத் திருகினாள். சொட்டுக்கூட வரவில்லை. பின்னால் இன்னும் சில பேர் வந்து நின்றார்கள்.

"என்னம்மா, கரண்ட் இல்லையா?"

மருமகள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "கரண்ட் இருக்குக்கா. நாங்கதான் நிறுத்திட்டோம். இந்தத் தண்ணிய இனிமே குடிக்காதீங்க, சமைக்காதீங்க."

தையல்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடலாமே. எதுக்கு சுத்தி வளைக்கிற?"

"பூட்டு ஆலைச் சரக்கு நம்ம தண்ணியில கலந்திருக்குக்கா. எங்க வீட்டுத் தண்ணியில இருக்கிறது சோதனையில தெரிஞ்சுடுச்சு. மூலை வீட்டுலயும் இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"பாக்க கண்ணாடி மாதிரி இருக்கே?"

"அது கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"இது ஆபீஸ் பேச்சா, வீட்டுப் பேச்சா? ஆபீஸ் பேச்சுன்னா ஆயிரம் இருக்கும்."

"வீட்டுப் பேச்சு. எங்க வாலு வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு இதைத்தான் குடிச்சிட்டு இருந்தா."

தையல்காரம்மாவின் முகம் மாறியது. கையிலிருந்த குடத்தைத் தரையில் வைத்தாள். பின்னால் நின்ற ஒருத்தி, சொல்லாமல் கொள்ளாமல் தன் வீட்டைப் பார்த்து ஓடினாள். அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மாமனார் வெளியே வந்து, "என் கையால குடுத்தேனே எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல்காரம்மாதான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? விடுங்க அண்ணே." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நாளா கலந்திருக்கு இது?"

"தெரியலக்கா."

"தெருவுல எத்தனை வீட்டுக்கு?"

"அதுவும் இன்னும் தெரியல."

"சரி, தெரியலன்னா என்ன? நீ கண்டுபிடிச்சுடுவே. அந்த இடத்தை உன்ன மாதிரி யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே தையல்காரம்மா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "யாரும் பயப்படாதீங்க. நம்ம பொண்ணே அங்க இருக்கா. அவ பாத்துக்குவா."

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். நாளையிலிருந்து அந்த ஆலைக்குள் தன்னை விடமாட்டார்கள் என்று அவர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.